ஒரு கோடித் துடிப்பு... ஒரே ஒரு ‘டிக்’! குட்டி சிப் கணக்குப் போடுவது எப்படி?

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். விநாடிக்கு ஒரு டிக். வேலை முடிஞ்சது!

ஆனால், ஆய்வகங்களில் இருக்கும் துல்லியமான ஆஸிலேட்டர்கள் பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் தருபவை. அதாவது, விநாடிக்கு 1 கோடித் துடிப்பு. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் இது 1-ல் வந்து நிற்காது. பத்தால் வகுக்கும் சர்க்யூட்டை 7 முறை அடுக்க வேண்டும். அல்லது, எட்டுக் கால் உள்ள ஒரே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும்.

எப்படி?

ஆஸிலேட்டர் சிக்னலையே சிப்புக்கு கிளாக்காகக் கொடுத்துவிட வேண்டும். ‘பிக்’ வகை சிப்கள் பல, 4 துடிப்புக்கு ஒரு கட்டளையை முடிப்பவை. அப்படியென்றால் விநாடிக்கு 25 லட்சம் கட்டளைகள். ஒரு சுற்றுக்கு மிகச் சரியாக அவ்வளவு நேரம் எடுக்கும் லூப்பை எழுதி, சுற்றுக்கு ஒரு பல்ஸ் அனுப்பச் சொன்னால் ஆச்சு.

சிக்கல் எங்கே?

தாவும் கட்டளைகளுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். எனவே, புரோகிராம் எந்தக் கிளையில் போனாலும் ஒரே நேரம் ஆகும்படி, குறைகிற பக்கத்தை ‘சும்மா இரு’ கட்டளைகளால் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு கட்டளை கூடிப்போனாலும் ஒவ்வொரு பல்ஸும் 400 நானோவிநாடி தள்ளிப்போகும். அது சேர்ந்து சேர்ந்து, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விநாடி காலி!

இந்த பல்ஸை ஜிபிஎஸ் ரிசீவர் தரும் விநாடி பல்ஸோடு ஒப்பிட்டுத்தான் ஆஸிலேட்டரின் துல்லியத்தைச் சோதிப்பார்கள். எண்ணுவதில் சிப் பிசகினால், பழி என்னவோ ஆஸிலேட்டர் மேல்தான் விழும்.