உர்வசி தியேட்டர்ஸுக்கு வந்த போன்

கொச்சியை ஒட்டிய களமசேரிக்குக் குடிவந்த புதிதில், மலையாளத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் சில சொற்களில் ஒன்று ‘கம்பிளிப்புதப்பு’. கம்பளிப் போர்வை என்பதுதான் பொருள். மழை ஓய்ந்தால் வியர்த்துக் கொட்டும் இந்த ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்டேன். மாடிவீட்டுச் சேச்சி சிரித்துவிட்டு டிவியைக் காட்டினார். 1989-ல் வெளிவந்த ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’ ஓடிக்கொண்டிருந்தது. முகேஷ் போனில் இருக்கிறார். மறுமுனையில் இருக்கும் அம்மாள், வாங்கித் தருவதாகச் சொன்ன கம்பளிப் போர்வை என்னவாயிற்று என்று கத்துகிறார். இவரோ லைன் சரியில்லை, காதில் விழவில்லை என்றே சாதிக்கிறார். காதில் விழுந்தும் விழாததுபோல் யாராவது நடித்தால் இன்றைக்கும் மலையாளிகளுக்கு அந்தப் போர்வைதான் நினைவுக்கு வருகிறது.

கொச்சி கலாபவனில் மிமிக்ரி செய்துவந்த சித்திக், லால் என்ற இரண்டு நண்பர்கள் இயக்கிய முதல் படம் அது. படம் முழுவதும் டெலிபோனின் மேல்தான் நிற்கிறது. மன்னார் மத்தாயி என்ற நாடகக்காரர் நடத்தும் உர்வசி தியேட்டர்ஸ் நொடித்துக் கிடக்கிறது. அதே ஊரில் உறுமீஸ் தம்பான் என்ற பணக்காரர். டைரக்டரியில் இந்த இருவரின் நம்பரும் மாறி அச்சாகிவிடுகிறது. உர்வசி, உறுமீஸ் என்று அகரவரிசையில் தோள் உரசி நிற்கும் இரண்டு பெயர்கள். அச்சுக் கோப்பவரின் கண் ஒரு வரி சறுக்கினால் போதும். தம்பானின் மகளைக் கடத்திய ராம்ஜி ராவ், பணம் கேட்டு டயல் செய்கிறான். மணி அடிப்பதோ நாடகக் கம்பெனியில். கிடைத்த தகவலை வைத்து நடுவில் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று அங்கே இருக்கும் மூன்று பேருக்கும் ஆசை வர, கதை அங்கிருந்து ஓடுகிறது.

தமிழில் பாசில் இதை ‘அரங்கேற்ற வேளை’ என்று 1990-ல் எடுத்தார். பிரபு, ரேவதி, வி.கே.ராமசாமி நடித்தது. பத்து ஆண்டு கழித்து பிரியதர்ஷன் இந்தியில் ‘ஹேரா பேரி’ ஆக்கினார். நாடகக் கம்பெனி அங்கே கேரேஜ் ஆனது. இடம் மாறியது, மொழி மாறியது, தவறான எண்ணுக்கு வந்த அழைப்பு மட்டும் மாறவில்லை. சித்திக்குக்குப் போன் மேல் தனி மோகமே இருந்திருக்க வேண்டும். 2011-ல் விஜய்யை வைத்து அவர் எடுத்த ‘காவலன்’ படத்திலும், தான் யாரென்று சொல்லாமல் போனில் பேசும் பெண்தான் கதையின் உயிர்.

2024 தீபாவளியின்போது சென்னையில் ஒரு இன்ஜினீயரிங் மாணவருக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்கு உர்வசி தியேட்டர்ஸ்தான் நினைவுக்கு வந்தது. அக்டோபர் 31 அன்று ‘அமரன்’ வெளியானது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக் காதல் காட்சிகளில், இந்து என்ற பாத்திரமாக வரும் சாய் பல்லவி, கசக்கிய காகிதம் ஒன்றை சிவகார்த்திகேயனிடம் எறிவார். அதில் அவருடைய போன் நம்பர். திரையில் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் யாரோ படித்தார்கள், மனப்பாடம் செய்தார்கள், அழைத்தார்கள். எல்லோரும் கேட்டது இந்துவை. எடுத்தவர் அந்த மாணவர்.

தூங்க முடியவில்லை, படிக்க முடியவில்லை, அவசரத்துக்கு ஒரு கார் பிடிக்க முடியவில்லை என்று அவர் சொன்னார். சமூக வலைத்தளத்தில் படக்குழுவிடம் முறையிட்டுப் பார்த்தார். பிறகு 1.1 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் போனார். தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, காட்சியில் எண் மறைக்கப்பட்டது. நம்பரை மாற்றிக்கொண்டால் தீர்ந்ததே என்று அப்போது பலர் எளிதாக எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆதார் அந்த எண்ணில். வங்கிக் கணக்கு அந்த எண்ணில். கல்லூரி, வாட்ஸ்அப், ஜிபே, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த எண்ணில். மன்னார் மத்தாயிக்கு வந்த அழைப்பு ஒரு கூடத்தின் மூலையில் இருந்த கறுப்புப் பெட்டிக்கு வந்தது. பிடிக்கவில்லையென்றால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம். இந்த மாணவருக்கு வந்தவை அவருடைய சட்டைப் பைக்குள் வந்தன.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2019 ஜூலையில் வந்த ‘அர்ஜுன் பட்டியாலா’ என்ற இந்திப் படத்தில் சன்னி லியோனி ஒரு நம்பரைச் சொல்வார். அது டெல்லியில் ஒருவருடைய நம்பர். நாளெல்லாம் ஆபாசமான அழைப்புகள். அவர் போலீஸுக்குப் போனார். சன்னி லியோனி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2021-ல் உலகமே பார்த்த கொரியத் தொடர் ‘ஸ்குவிட் கேம்’. விளையாட்டுக்கு அழைக்கும் அட்டையில் எட்டு இலக்கம் மட்டும் இருந்தது. முன்னால் வரவேண்டிய 010 இல்லையே, யாருக்கும் போகாது என்று நினைத்துவிட்டார்கள். கொரிய செல்போன்கள் அந்த 010-ஐத் தாங்களே சேர்த்துக்கொண்டன. பத்து வருடத்துக்கும் மேலாக அந்த எண்ணை வைத்திருந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4,000 அழைப்புவரை வந்ததாகச் செய்தி. கடைசியில் அந்தக் காட்சிகளைத் திருத்தினார்கள்.

எட்டு இலக்கத்தில் நேர்ந்த அதே பிசகு 2003-ல் ஹாலிவுட்டிலும் நேர்ந்தது. ‘புரூஸ் ஆல்மைட்டி’ படத்தில் கடவுளே பேஜரில் ஒரு நம்பர் அனுப்புவார். கதை நடக்கும் ஊரில் அந்த ஏழு இலக்க எண் யாரிடமும் இல்லை. ஊர்க்கோடு இல்லாமல் காட்டியதால், வேறு ஊர்களில் அதே ஏழு இலக்கம் வைத்திருந்தவர்களின் வீடுகளில் மணி அடித்தது. கடவுள் இருக்கிறாரா என்று ஜனங்கள் கேட்டார்கள். அழைப்பு போன இடங்களில் வட கரோலினாவின் ஒரு தேவாலயமும் உண்டு. அங்கிருந்த போதகரின் பெயரும் புரூஸ். 0484 இல்லாமல் ஒரு கொச்சி நம்பரைப் படத்தில் காட்டினால் நம் ஊர்களிலும் இதேதான் நடக்கும். அதே இலக்கங்கள் இன்னொரு எஸ்டிடி கோடுக்குக் கீழே யாரோ ஒருவருடையவை.

‘புரூஸ் ஆல்மைட்டி’ டிவிடியாக வந்தபோது எண் 555-0123 ஆகிவிட்டது. அமெரிக்கப் படங்கள் பார்ப்பவர்களுக்கு இந்த 555 பழக்கமானது. டயலில் எண்களோடு எழுத்துகளும் இருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சுகளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்; முதல் இரண்டு எழுத்துகளைச் சுழற்றினால் முதல் இரண்டு இலக்கம் கிடைக்கும். 5 என்ற துளையில் ஜே, கே, எல் மூன்றும் இருந்தன. அவற்றில் இரண்டை அடுத்தடுத்து வைத்துத் தொடங்கும் பெயர் அரிது. அதனால் 55 ஏறக்குறைய காலியாகவே கிடந்தது, சினிமா அதை எடுத்துக்கொண்டது. பின்னால் 555-லும் சில எண்களை வேலைக்கு விடத் தொடங்கியபோது 0100 முதல் 0199 வரை கதைக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். பிரிட்டனில் ஆஃப்காம் அமைப்பு 07700 900000-லிருந்து ஆயிரம் செல்போன் எண்களை நாடகங்களுக்காகத் தனியாக வைத்திருக்கிறது; லண்டனுக்கு வேறு, மான்செஸ்டருக்கு வேறு என்று லேண்ட்லைனும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் பிரான்ஸிலும் இப்படியே.

இந்தியாவின் எண் திட்டத்தில் சினிமாவுக்கென்று ஒரு தொடரும் கிடையாது. வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுக்கிற நாடு இது. சீரியல்களும் வெப் சீரிஸ்களும் தனி.

சென்ற ஆண்டு கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு ஷூட்டிங்கை நின்று பார்த்தேன். அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுக்கும் மிளகும் மணக்கும் பழைய பாண்டிகசாலைகள், படகுத்துறைக்குத் திறக்கும் பின்வாசல்கள், அரைகுறையாகப் பெயிண்ட் உரிந்த பெயர்ப்பலகைகள். அந்தப் பலகைகளில் ஐந்து இலக்கம், ஆறு இலக்கம் என்று வெவ்வேறு காலத்து டெலிபோன் நம்பர்கள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. எதையும் மாற்றாமலே எண்பதுகளைப் படமெடுத்துவிடலாம் என்பதால்தான் சினிமாக்காரர்கள் திரும்பத் திரும்ப இங்கே வருகிறார்கள். அன்றைக்கு ஒரு மளிகைக் கடை செட். ஆர்ட் அசிஸ்டென்ட் பையன் ஒருவன் ஏணியில் நின்று போர்டில் செல் நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். பத்தாவது இலக்கத்துக்குமுன் நிறுத்திவிட்டு இறங்கினான். மிச்சம் ஒரு நம்பர் என்று கீழிருந்து நான் சொன்னேன். தமிழன் என்று தெரிந்ததும் அவன் தமிழிலேயே பதில் சொன்னான்: “அண்ணா, அங்க வாழக்குல தொங்கும். கேமரா காணாது.”

நம் சினிமாவில் பல வருடமாக நடக்கும் வழி இதுதான். ஒரு இலக்கத்தை மறை, அல்லது ஒன்றைக் கூட்டு. அல்லது புரொடக்‌ஷன் மேனேஜரின் இரண்டாவது சிம் நம்பரைப் போடு. அந்தக் கடைசி வழி பொறுப்பானதாகத் தெரியும். என் பார்வையில் அதுதான் மிகவும் ஆபத்து. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்மின் எண் முடக்கப்பட்டு, குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போகலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. படம் அந்த 90 நாளோடு முடிந்துவிடுமா? டிவியில் இருபது வருடம் ஓடும், ரீ-ரிலீஸ் ஆகும், ரீல்ஸில் துண்டு துண்டாக வரும். எப்போதோ பிறக்கப்போகும் ஒரு குழந்தை வளர்ந்து வாங்கும் முதல் சிம்மில் அந்த எண் இருக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு பத்து இலக்கம் எழுதினால் என்ன ஆகும்? நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள் சாத்தியம். அவற்றில் 110 கோடிக்கு மேல் புழக்கத்தில் இருக்கின்றன. நான்கில் ஒன்றுக்கு மேல் நிஜ மனிதர் எடுப்பார். கதை கொச்சியில் நடக்கிறது, எண்ணும் கொச்சி எண்போல இருக்கட்டும் என்று 98470 என்று தொடங்கினால் ஆபத்து இன்னும் கூடும். கேரளத்துக்கு செல்போன் வந்ததே அந்தத் தொடரில்தான். 1996 செப்டம்பர் 17 அன்று எர்ணாகுளத்தில், எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை தென்பிராந்தியக் கடற்படைத் தளபதியோடு பேசிய அழைப்பே கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பு. எஸ்கோடெல் கம்பெனியின் சேவை. உள்ளே வரும் அழைப்புக்கும் காசு கட்டிய அந்த நாட்களில் வாங்கிய எண்ணைப் பலர் இன்னும் விடவில்லை. ஒரு மீன் வியாபாரிக்கோ ஆட்டோக்காரருக்கோ அந்த எண்தான் கடையின் முகவரி. டைரக்டர்கள் 1, 2 என்று தொடங்கும் பொய் எண்ணை வெறுப்பதற்கும் காரணம் உண்டு. எண்ணைப் பார்த்தே ஊரைச் சொல்லும் ரசிகன் நொடியில் கண்டுபிடித்துவிடுவான், காட்சி உடைந்துவிடும். அவர்களுடைய கவலை நியாயமானது.

அதனால்தான் ஒதுக்கீடு தேவை என்கிறேன். தொலைத்தொடர்புத் துறைக்கு இது புதிய வேலையும் இல்லை. விளம்பர அழைப்புகளுக்கு 140, வங்கி போன்ற இடங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். நாட்டில் 22 தொலைத்தொடர்பு வட்டங்கள். வட்டத்துக்கு ஆயிரம் எண் என்றால் 22,000. நானூறு கோடியில் அது ஒரு துளி. 9-ல் தொடங்கட்டும், பார்த்தால் நிஜம்போல இருக்கட்டும், யாருக்கும் விற்காமல் இருக்கட்டும். அழைத்தால் அந்தந்த மொழியில் ஒரு குரல், இது படத்துக்கான எண் என்று சொல்லிவிட்டு வைத்துவிடட்டும். அழைப்பவர்கள் எல்லோரும் விஷமிகளும் இல்லை. தியேட்டரில் அழுதுவிட்டு வந்து, அந்த இந்து நிஜமாகவே எடுத்துவிட மாட்டாளா என்று விரல் நடுங்க அழுத்திப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். அமெரிக்காவில் ‘பெட்டர் கால் சால்’ தொடர்க்காரர்கள் விளம்பரத்தில் காட்டிய வக்கீலின் நம்பரைத் தாங்களே வாங்கி, நடிகரின் குரலைப் பதிந்து வைத்தார்கள்.

தணிக்கைக்குப் போகும்போதும் ஒரு கேள்வி சேர்க்கலாம். ஒரு மாட்டை நடக்க வைத்தால் விலங்கு நல வாரியத்தின் சான்றிதழ் கேட்கிறார்கள். திரையில் தெரியும் எண் யாருடையது என்று கேட்க ஒரு வரி போதும். எண்ணுக்கு மட்டும் இல்லை. ‘ஒப்பம்’ என்ற மலையாளப் படத்தில் கொலையுண்ட பெண்ணின் போட்டோவாகத் தன் படத்தைக் கண்டு அதிர்ந்த திருச்சூர் மாவட்ட ஆசிரியை ஒருவர், வருடக்கணக்கில் வழக்காடி சாலக்குடி முன்சீப் கோர்ட்டில் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கினார். யாரிடமும் கேட்காமல் நெட்டிலிருந்து எடுத்த போட்டோவும், யோசிக்காமல் எழுதிய பத்து இலக்கமும் ஒரே கையால் செய்த காரியம்.

மட்டாஞ்சேரியில் அந்த ஷாட் எடுத்து முடிய மாலையாகிவிட்டது. வாழைக்குலையைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். போர்டை மட்டும் மறுநாள் வேலைக்காக அப்படியே விட்டார்கள். ஒன்பது இலக்கமும், பத்தாவதுக்கு விட்ட ஒரு விரல்கடை இடமும். தெருவில் போன ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்று, செல்போனை எடுத்து, 0-விலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினான். ஏணிப் பையன் ஓடிவந்து, ஒரு துணியை நனைத்து, மற்ற ஒன்பதையும் துடைத்தான்.