வாயுதானே என்று இருந்துவிடாதீர்கள்!

இரவு பத்து மணி. புரோட்டா, சால்னா சாப்பிட்டுவிட்டு வந்த வீட்டுக்காரர் நெஞ்சைத் தடவுகிறார். முகமெல்லாம் வியர்வை. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்கிறாள் மனைவி. "வாயுதான்! ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்று படுக்கப் போகிறார்.

நம் மதுரைப் பக்கம் பல வீடுகளில் நடக்கிற கதைதான். ஆனால், அது வாயு இல்லையென்றால்?

கோரிப்பாளையம் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் வண்டிகள் நின்று பாதை குறுகினாலும் போக்குவரத்து எப்படியோ ஊர்ந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு லாரி கவிழ்ந்தால்? எல்லாமே நின்றுவிடும்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற கொரோனரி குழாய்களிலும் இதேதான். பீடி, சிகரெட், சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு எல்லாம் குழாயின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அங்கே கொழுப்பு புகுந்து படிகிறது. இளவயதில் தொடங்கி, பல வருஷங்கள் சத்தமில்லாமல் வளர்கிறது. குழாய் நன்றாகக் குறுகிய பிறகுதான் மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும்.

ஒருநாள் அந்தப் படிவத்தின் மேல்மூடி வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து, குழாயையே அடைக்கிறது. இதுதான் மாரடைப்பு. சின்னப் படிவமும் வெடிக்கலாம். நேற்றுவரை நன்றாக நடமாடியவர் திடீரென்று சாய்வது இதனால்தான்.

ரத்தம் முழுசாக நின்றால், அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப வளராது; தழும்பாகிவிடும். உயிர் பிழைத்தாலும் இதயத்தின் பலம் குறைந்து, பின்னாளில் மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

ஆகவே நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் யோசிக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலோ அசதியோ மட்டும் வரலாம். தானே வண்டி ஓட்டிப் போகக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். கோரிப்பாளையத்துக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு, 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவசர மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், டாக்டர் "இருங்க" என்றால் இருந்து, மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதித்த பிறகு வாயு என்று தெரிந்தால் சந்தோஷம்தான். சோடாவை அப்புறம் குடித்துக்கொள்ளலாம்!