பாயிண்டில் ஆயில் ஏறினால் பம்பு என்ஜின் நின்றுவிடும்

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. நிலக்கடலையில் விழுது இறங்கும் பருவம். இந்த வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் காய் பிடிப்பு குறையும். வரப்பில் என்ஜினும் தயாராக இருக்கிறது. ஆனால் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் பிடிப்பதில்லை. பிடித்தாலும் அரை மணி நேரம் ஓடிவிட்டு, விட்டுவிட்டு அடித்து நின்றுவிடுகிறது. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய பம்பு செட்டுகளைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல.

மெக்கானிக்கிடம் கொண்டு போனால் பாயிண்டைத் தேய்த்து ஓட வைத்துக் கொடுப்பார். இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் பழைய கதைதான். அடுத்த முறை கண்டன்சர் மாற்றப்படும். அதற்கும் அடுத்த முறை காயில். இப்படிப் பணம் செலவாகிக்கொண்டே இருக்கும்போது, பாயிண்ட் ஏன் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பல என்ஜின்களில் இதற்குக் காரணம், பாயிண்ட் இருக்கும் இடத்துக்கு உள்ளிருந்து கசிந்து வரும் ஆயில்தான். அதைத் தடுக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் விலை, காயில் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும்.

டீசல் என்ஜினில் பாயிண்டும் இல்லை, பிளக்கும் இல்லை. எனவே அதற்கு இந்தக் கோளாறு வராது. அண்மைக் காலத்தில் வந்த பெட்ரோல் என்ஜின்களில் பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் அமைந்திருக்கிறது. இங்கே சொல்லப்படுவது பாயிண்ட் வைத்த பழைய நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களைப் பற்றியதாகும்.

என்ஜினின் ஒரு பக்கத்தில் சுழலும் கனமான பிளைவீலில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பிளைவீலுக்குப் பின்னால் ஒரு தட்டில் காயில், கண்டன்சர், பாயிண்ட் ஆகியவை உள்ளன. காந்தம் காயிலைக் கடந்து செல்லும்போது காயிலில் மின்சாரம் உண்டாகிறது. பாயிண்டின் இரண்டு முனைகளும் ஒட்டியிருக்கும்வரை அந்த மின்சாரம் அவற்றின் வழியே ஓடும். கிராங்கில் உள்ள கேம் பாயிண்டைத் திறக்கும் அதே நொடியில் மின்சாரம் அறுபட்டு, பிளக்கில் பொறி தட்டுகிறது. பாயிண்ட் வழியே ஓடும் மின்சாரத்தின் அழுத்தம் மிகக் குறைவு. முனைகளுக்கிடையே மெல்லிய ஆயில் படலம் படிந்தாலே அது தடைப்படும். அந்த ஆயில் பொறியில் கருகிக் கரியாகப் படிந்தால் தடை இன்னும் கூடும். பிளக்கில் பொறி மங்கிவிடும்.

இந்தத் தட்டுக்குப் பின்னால்தான் கிராங்க் பேரிங்கும் அதையொட்டி ஆயில் சீலும் இருக்கின்றன. சீல் தேய்ந்தாலோ, வெப்பத்தில் இறுகி விறைத்தாலோ, ஆயில் தண்டின் மேல் ஊர்ந்து வெளியே வரும். சுழலும் வேகத்தில் நாலா பக்கமும் சிதறிப் பாயிண்டில் தெறிக்கும்.

கசிவு எங்கிருந்து?

பிளைவீல் மேல்மூடியைக் கழற்றினால், சில என்ஜின்களில் பிளைவீலிலுள்ள துளை வழியாகவே பாயிண்டைப் பார்க்கலாம். பாயிண்டுக்கு அடியில் கறுப்பாகத் தீற்றியதுபோல் கறை இருந்தால், ஆயில் கருகுகிறது என்று அறியலாம். தட்டின் அடிப்பகுதியில் தேங்கியிருப்பதை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது உள்ளிருந்து வந்த ஆயில். மஞ்சளாகக் கெட்டியாக இருந்தால், கேமில் யாரோ அளவுக்கு மீறி அப்பிய கிரீஸ் உருகி வழிந்திருக்கிறது. இதுவும் அடிக்கடி நடப்பதுதான். இதற்குச் சீல் மாற்றத் தேவையில்லை, துடைத்தாலே போதும். நீர்த்து, மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கோளாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. சில என்ஜின்களில் பாயிண்ட் வெளியே ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கும். ஒரு சிறு கம்பி அதைத் தள்ளித் திறக்கும். அவற்றில் கம்பி வரும் துளை தேய்ந்து, அதன் வழியே ஆயில் கசிவதுண்டு.

சீலை மாற்றுவதற்கு முன்

சீல் கசிந்தால் சீலை மாற்றிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நல்ல சீலையும் கசிய வைக்கும் காரணங்கள் சில இருக்கின்றன. அவற்றைச் சரி செய்யாமல் புதுச் சீல் போட்டால் அதுவும் ஒரு பட்டத்துக்குள் கசியத் தொடங்கிவிடும்.

பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் அறையில் உள்ள காற்று அழுத்தப்படுகிறது. அந்தக் காற்று வெளியேறுவதற்காகப் பிரீதர் என்ற மூச்சு வழி வைக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ள சிறு தகடு காற்றை வெளியே விடும். திரும்ப உள்ளே விடாது. புழுதியும் பழைய ஆயிலும் சேர்ந்து இந்தத் தகடு ஒட்டிக்கொண்டால், அடைபட்ட காற்று சீல் வழியே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். எனவே முதலில் பிரீதரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, தகடு தடையின்றி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜினில் எரிந்த புகையும் கீழே இறங்கி இந்த அழுத்தத்தைக் கூட்டும். பிரீதர் சுத்தமாக இருந்தும் அதிலிருந்து புகை விடாமல் வந்தால், ரிங்கைக் கவனிக்காமல் சீலை மட்டும் மாற்றுவதால் பயன் இருக்காது.

ஆயில் அளவும் முக்கியம். குறைந்தால்தான் ஆபத்து என்று எண்ணிக் கழுத்துவரை ஊற்றுவோர் உண்டு. அளவுக் குறிக்கு மேல் ஆயில் இருக்கக் கூடாது. வாய்க்கால் கரையில் என்ஜினைச் சாய்வாக வைத்து ஓட்டினாலும் ஆயில் ஒரு பக்கமாகச் சேர்ந்து சீலை நனைக்கும். கரைச் சரிவில் மண்ணை வெட்டி, ஒரு பலகை அளவுக்கு மட்டமான இடம் செய்துகொள்வது பெரிய வேலை அல்ல.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, ஆயிலில் மண்ணெண்ணெய் கலப்பதாகும். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் சரியாக ஆவியாவதில்லை. பெட்ரோலைச் சிக்கனம் செய்வதாக எண்ணி, என்ஜின் பிடித்த உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு ரிங் வழியே கீழே இறங்குகிறது. ஆயில் நீர்த்துப் போகிறது. நீர்த்த ஆயில் சீலில் எளிதாகக் கசிவதோடு, பேரிங்கையும் பிஸ்டனையும் தேய்த்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நாளுக்கு நாள் குறைய வேண்டிய ஆயில் குறையாமல் இருந்தாலோ, கூடினாலோ மண்ணெண்ணெய் கலக்கிறது என்று பொருள். ‘ஆயிலே குடிப்பதில்லை, நல்ல என்ஜின்’ என்று மகிழ்ந்துவிடக் கூடாது. செய்தித்தாளின் ஓரத்தில் புது ஆயில் ஒரு சொட்டும் என்ஜின் ஆயில் ஒரு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் கலந்த சொட்டு விரைவாகவும் அகலமாகவும் பரவும். அப்படியானால் ஆயில் முழுவதையும் வடித்துவிட்டு, என்ஜின் கம்பெனி சொல்லும் ரகத்தில் புது ஆயில் ஊற்ற வேண்டும். இவ்வகைச் சிறு என்ஜின்களுக்கு நம் வெப்பத்தில் எஸ்.ஏ.இ. 30 ஆயில் பொதுவாக ஏற்றது. இனி, பெட்ரோலில் 5 முதல் 10 நிமிடம் ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பு மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினால், கார்புரேட்டரில் பெட்ரோல் நின்று மறுநாள் எளிதாகப் பிடிக்கும்.

சீல் மாற்றும் முறை

முதலில் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பிளைவீல் நட்டு சில என்ஜின்களில் இடது மரையாக இருக்கும். பார்த்துத்தான் திருப்ப வேண்டும். பிளைவீலைப் புல்லர் போட்டே எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தாலும், கடப்பாரை முனையால் நெம்பினாலும் காற்று வீசும் இதழ்கள் உடையும், காந்தம் கெடும், பேரிங்கும் அடி வாங்கும். புல்லர் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலைக்காவது பட்டறைக்குக் கொண்டு போவது நல்லது.

பிளைவீலையும் தண்டையும் இணைக்கும் அரைவட்ட இரும்புத் துண்டை, அதாவது கீயை, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது சற்றே வெட்டுப்பட்டிருந்தாலும் பொறி தட்டும் நேரம் மாறிவிடும். அதற்குப் பதிலாக ஆணியை நறுக்கி வைப்பது சில பட்டறைகளில் உள்ள வழக்கம். அதை அனுமதிக்கக் கூடாது.

தட்டைக் கழற்றுமுன், அது இருந்த நிலைக்கு ஓர் அடையாளக் கோடு கீற வேண்டும். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தண்டில் கீறல் விழாமல் சீலை நெம்பி எடுக்கலாம். அதன் முகத்தில் 25, 40, 7 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் ஆகியவற்றை மில்லி மீட்டரில் குறிப்பவை அவை. பழைய சீலையே கடைக்கு எடுத்துச் சென்றால் தவறு நேராது.

புதுச் சீல் போடும் முன், சீல் உரசிய இடத்தில் தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கும்படி பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் அங்கே கசியும். உள்ளே இடம் இருந்து, ஆயில் துளை எதுவும் மறைபடாது என்றால், சீலை முன்பு இருந்ததைவிட ஒரு மில்லி மீட்டர் தள்ளி அமைக்கலாம். சீலின் விளிம்பு அப்போது தேயாத இடத்தில் உரசும். தண்டை மேலும் கீழுமாக அசைத்தால் ஆடுகிறது என்றால் பேரிங் போய்விட்டது. ஆடும் தண்டில் எந்தச் சீலும் நிற்காது. முதலில் பேரிங்கை மாற்ற வேண்டும்.

சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் ஆயில் இருக்கும் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுவிட்டு, சீல் மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதும் உண்டு. கீ உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது. மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தண்டில் சுற்றி, சீலின் உதட்டில் ஆயில் தடவி, அதன் மேல் வழுக்கிச் செலுத்தினால் உதடு கிழியாது. பிறகு தாளை உருவிவிட்டு, சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற குழாய்த் துண்டை வைத்து, சாயாமல் மெல்லத் தட்டி இறக்க வேண்டும்.

இனி பாயிண்ட். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சுத்தமான கெட்டித் தாளை முனைகளுக்கிடையே விட்டு இழுத்தால் எஞ்சிய பிசுக்கும் போய்விடும். குழி விழுந்திருந்தால் மெல்லிய தட்டை அரத்தால் லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் முனையில் பதிந்துகொள்ளும். கேம் பாயிண்டை முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி பெரும்பாலான என்ஜின்களில் 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். போஸ்ட் கார்டை நுழைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். அட்டைக்கு அட்டை கனம் மாறும் என்பதால் பீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இடைவெளி கூடினால் பொறி முந்தித் தட்டும். இழுக்கும் கயிறு கையைத் திருப்பி இழுப்பது இதனாலும் நேரலாம். கேமுக்குக் கடுகளவு கிரீஸ் போதும்.

பழைய பெட்ரோல் ஜீப், 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவற்றில் பாயிண்ட், டிஸ்டிரிபியூட்டர் என்ற கிண்ணத்துக்குள் இருக்கிறது. டிஸ்டிரிபியூட்டர் என்ஜின் உடலில் இறங்கும் இடத்தில் வெளியே ஆயில் வழிந்தால், அது அழுக்கே தவிரப் பெரிய கேடில்லை. அங்குள்ள வளையத்தையோ பாக்கிங்கையோ மாற்றினால் போதும். மூடியைத் திறக்கும்போது உள்ளேயே ஆயில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தண்டின் புஷ் தேய்ந்து, அதன் வழியே ஆயில் ஏறியிருக்கக்கூடும். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியும். புஷ் ஆடினால் பாயிண்ட் இடைவெளியும் நிலையாக நிற்காது. கழற்றுவதற்கு முன், ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது, கிண்ணம் எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு அடையாளங்கள் இட வேண்டும். திரும்பப் பூட்டும்வரை என்ஜினைச் சுழற்றக் கூடாது. இங்கேயும் முதல் வேலை பிரீதரைப் பார்ப்பதுதான்.

பம்பு செட்டைப் பூட்டி முடித்த பின், மட்டமான இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, பிளைவீல் துளை வழியே பாயிண்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் இறைத்த பிறகு இன்னொரு முறையும், ஆயில் அளவு ஏறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல் ஒரு டப்பாவில் பிடித்து மூடி வைத்தால், மண்வெட்டி, அரிவாள் முதலியவற்றின் இரும்பில் துருப் பிடிக்காமல் பூச உதவும்.