இருநூறு ரூபாய் தொழில் வரி

பிம்பிரி, போசரி, சாக்கன் ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது பிடித்தங்களைத்தான். அவற்றில் தவறாமல் இடம்பெறுவது தொழில் வரி. மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. ஆக ஆண்டுக்கு 2,500.

இந்த வரி பிறந்த காரணம் நல்லதே. 1972-73 பஞ்சத்தின்போது மராட்டியத்தில் விரிவடைந்த வேலை உறுதித் திட்டத்துக்குப் பணம் திரட்ட 1975-ல் இது விதிக்கப்பட்டது. நகரத் தொழிலாளியின் காசு கிராமத்துக் கூலிக்காரர் வீட்டில் அடுப்பெரிய உதவியது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு இவ்வரிக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு கட்டியுள்ளது. அதனால் மாதம் 15 ஆயிரம் வாங்கும் பிட்டரும், இரண்டு லட்சம் வாங்கும் மானேஜரும் ஒரே தொகையைத்தான் செலுத்துகின்றனர்.

ஆலைகளுக்கோ கணக்கு வேறு. மும்பை, தாணே, புனே பகுதிக்கு வெளியே தொழில்களைப் பரப்ப 1964-ல் ஊக்கச் சலுகைத் திட்டம் வந்தது. பின்னாளில் பெரும் முதலீடு என்றால் புனே வட்டாரத்துக்கும் சலுகை கிடைத்தது. மின்சாரத் தீர்வை விலக்கு, முத்திரைக் கட்டண விலக்கு ஆகியவற்றுடன், 2019 திட்டத்தில் மாநில ஜி.எஸ்.டி.யைக் கணக்கிட்டு மானியமும் உண்டு. அந்த ஜி.எஸ்.டி., பொருளை வாங்குபவர் விலையோடு சேர்த்துக் கொடுத்த பணம்.

சலுகையால் வேலை வந்தது என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் வேலை பெற்றவரின் சுமையும் குறைய வேண்டாமா? பெண்களுக்கான விலக்கு வரம்பு 2023-ல் 25 ஆயிரமாக உயர்ந்தது. ஆண்களுக்கோ 7,500-ஐத் தாண்டினாலே பிடித்தம். அதே வரம்பை அவர்களுக்கும் அளித்தால், ஒரு குடும்பத்தில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் மிஞ்சும். பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு ஆகும்.