எவ்வளவு மின்திறன் வேண்டும்? வட சிலாங்கூரை முன்வைத்து ஒரு விளக்கம்

1894ஆம் ஆண்டிலேயே ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கியை நிறுவிவிட்டனர். தோட்டங்களுக்கோ வெளிச்சம் நெடுங்காலம் கழித்தே வந்தது. அதுவும் தோட்டத்து டீசல் இயந்திரத்தின் வெளிச்சம். அந்தியில் ஓடத் தொடங்கி, இரவு குறித்த மணிக்கு நின்றுவிடும். பிள்ளைகள் அதற்குள் பாடத்தை முடித்தாக வேண்டும். லயத்து வீடுகளின் விளக்குகள் எல்லாம் ஒருசேர எரியும் வேளையில் அந்த இயந்திரம் தாங்குமா? பழுதுபட்டால் மாற்று உண்டா?

நாடு முழுமைக்கும் திட்டமிடுவோர் கேட்பவையும் இவ்விரு கேள்விகளே. ஆண்டு முழுவதும் செலவாகும் மின்சாரத்தின் கூட்டுத்தொகை எரிபொருள் வாங்குவதற்கு உதவும். எத்தனை நிலையங்கள் வேண்டும் என்பதையோ, ஆண்டிலேயே மிக அதிகமாக மின்சாரம் இழுக்கப்படும் அந்தச் சிறு பொழுதுதான் முடிவு செய்கிறது. அதனை உச்சத் தேவை என்கிறோம். தீபகற்ப மலேசியாவில் அது 2024இல் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. சிலாங்கூருக்கெனத் தனி மின்வலை கிடையாது. தீபகற்பம் முழுவதும் ஒரே வலை.

உச்சத் தேவை 20,000 என்றால் 20,000 மெகாவாட்டுக்கு நிலையங்கள் கட்டினால் போதுமா? போதாது. சில பராமரிப்பில் நிற்கும்; சில திடீரெனப் பழுதாகும். கால் பங்கு சேமத்திறன் வேண்டுமெனில் 25,000 தேவை. சேமம் குறைந்தால் இருள். மிகுந்தாலோ, ஓடாத நிலையத்துக்கும் திறன் கட்டணம் செலுத்த வேண்டும். 1992இன் பெரும் மின்தடைக்குப் பின் தனியார் நிலையங்கள் பெருகின. 1997இன் பொருளாதார நெருக்கடியில் தேவை எதிர்பார்த்தபடி வளராததால், சேமம் அளவுக்கு மீறிப் போயிற்று. அச்சத்தில் போடும் திட்டம் இப்படித்தான் விலை கேட்கும் என்பது நம் கருத்து. நிலையங்கள் மட்டும் இருந்தாலும் போதாது: 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் பாக்கா அருகே மின்தடம் ஒன்று துண்டிக்கப்பட்டதில் தீபகற்பமே இருண்டது.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். கோல சிலாங்கூருக்குத் தெற்கே, ஜெராம் கடந்து, காப்பார் மின்நிலையம் நிற்கிறது. 2,420 மெகாவாட் திறனுடன் அமைந்த அதில் 1,600 மெகாவாட் நிலக்கரியினுடையது. அதன் மின்கொள்முதல் ஒப்பந்தம் 2029இல் முடிகிறது. புதிய நிலக்கரி நிலையங்கள் வேண்டாம் என்று அரசும் முடிவு செய்துள்ளது. அந்த 1,600ஐ அதே அளவு சூரியத் தகடுகளால் ஈடுசெய்யலாமே என்று மாணவர் கேட்கக்கூடும். நண்பகலில் தகடு நன்றாகவே உதவும். இரவு எட்டு மணிக்கு, வீடுகளில் குளிர்சாதனம் ஓடும் வேளையில், அதன் பங்கு சுழியம். மின்கலச் சேமிப்போ எரிவாயு நிலையமோ துணை நின்றால்தான் கணக்கு நேராகும்.

இவ்வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கும் இதில் சிறு பங்குண்டு. செம்பனை ஆலைகள் நாரையும் ஓட்டையும் எரித்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. நாட்டில் சில ஆலைகள் கழிவுநீரின் உயிர்வாயுவைக் கொண்டு ஆக்கும் மின்சாரத்தை மின்வலைக்கும் விற்கின்றன. ஓர் ஆலைக்கு ஓரிரு மெகாவாட்தான் தேறும். ஆயினும் அது பொழுது சாய்ந்த பிறகும் கிடைக்கும்.