ஒரு சொல் நகர்ந்தது, அதிபர் மறுபடி பதவியேற்றார்! தெரியுமா?

ஒரே ஒரு வினையடை இடம் மாறியதால் அமெரிக்க அதிபர் ஒருவர் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு முறை பதவிப் பிரமாணம் எடுத்தார், தெரியுமா? கட்டுக்கதையல்ல, 2009 ஜனவரி 20! வாஷிங்டனில் கட்டுக்கடங்காத கூட்டம், உலகமே தொலைக்காட்சி முன்னால். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொல்லச் சொல்ல பராக் ஒபாமா திருப்பிச் சொல்ல வேண்டும். மொத்தமே 35 சொற்கள்தான். அரசியல் சாசனத்தில் இருக்கும் வரிசை, 'ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்'. ராபர்ட்ஸ் காகிதம் பார்க்காமல் சொன்னார். 'ஃபெய்த்ஃபுல்லி' நழுவி வாக்கியத்தின் வாலுக்குப் போய்விட்டது! சட்டம் படித்தவரல்லவா ஒபாமா? 'ஐ வில் எக்ஸிக்யூட்' என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நீதிபதி திருத்தப் பார்த்தார், குழப்பம் கூடியது. கடைசியில் ஒபாமா, அந்தச் சொல் வாலில் தொங்கும் தவறான வடிவத்தையே சொல்லி முடித்தார்.

மறுநாள் மாலை, வெள்ளை மாளிகையின் மேப் ரூமில், பைபிள்கூட இல்லாமல், அதே இருவரும் அதே 35 சொற்களை இன்னொரு முறை நிதானமாகச் சொன்னார்கள். யாரும் பிற்பாடு வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை!

அந்தச் சொல் ஏன் நழுவியது? ஹார்வர்டின் மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அதே வாரம் நியூயார்க் டைம்ஸில் ஒரு காரணம் சொன்னார். துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் எதுவும் நுழையக் கூடாது என்று சில ஆங்கில இலக்கணப் பிரியர்களுக்கு ஒரு மடி ஆசாரம் உண்டு. ராபர்ட்ஸின் மூளை தன்னையறியாமல் சாசனத்தையே 'திருத்தி'விட்டது என்பது பிங்கரின் ஊகம். ஊகம்தான், ஆனால் என்ன ருசியான ஊகம்!

அந்த ஆசாரத்துக்கு அடிப்படை ஏதாவது உண்டா? கிடையவே கிடையாது! 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வினையடை வரக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஆல்ஃபோர்ட் போன்றவர்கள் கிளப்பிவிட்ட பயம், அப்படியே கசிந்து 'வில்', 'கேன்' பக்கமும் வந்துவிட்டது. இது வீண் பிரமை என்று ஃபௌலர் 1926இலேயே தன் புகழ்பெற்ற அகராதியில் மண்டையில் குட்டிவிட்டார். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று ஒன்பது மோடல் வினைகள். எதை எடுத்தாலும் அதற்கும் அடுத்த வினைக்கும் நடுவில்தான் 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ப்ராபப்ளி' வகையறாவுக்கு இயல்பான இருக்கை.

நம் இந்திய அரசியல் சாசனமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, தெரியுமா? குடியரசுத் தலைவருக்கான 60ஆம் பிரிவில் அதே 'வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்'! அமைச்சர்களின் பிரமாணத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஃபெய்த்ஃபுல்லி அண்ட் கான்ஷியன்ஷஸ்லி' என்று இரண்டு வினையடைகள் அந்த ஒரே இடைவெளியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் பதவியேற்கிறவர்களுக்கு இந்த வம்பே இல்லை. 'நிறைவேற்றுவேன்' என்பதில் 'வில்' வினையின் வாலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஊசி நுழையவும் இடமில்லை.

வினையடை மோடலுக்கு முன்னால் வந்தால் ஒரு அர்த்தம், பின்னால் வந்தால் வேறு அர்த்தம்! குளத்தில் விழுந்தவர் 'ஐ ரியலி கான்ட் ஸ்விம்' என்று அலறினால் உடனே குதித்துவிடுங்கள், அவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. 'ஐ கான்ட் ரியலி ஸ்விம்' என்றால் ஏதோ கொஞ்சம் கை கால் அடிப்பார், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்க நேரமிருக்கிறது. 'யூ சிம்ப்ளி கான்ட் லீவ்' என்றால் போகவே முடியாது. 'யூ கான்ட் சிம்ப்ளி லீவ்' என்றால் போகலாம், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் சும்மா எழுந்து போக முடியாது. முன்னால் வருவது பின்னால் வருவதை விழுங்கிவிடுகிறது, விஷயம் அவ்வளவுதான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் 1969ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றின் தலைப்பில் 'கான்ட் ஆல்வேஸ்' வரும். கேட்டதெல்லாம் எப்போதும் கிடைக்காது, சில சமயம் கிடைக்கும் என்று ஆறுதல். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், கேட்டது எந்தக் காலத்திலும் கிடைக்காது!

இன்னொரு பாட்டு, 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974இல் டாலி பார்ட்டன் வெளியிட்டார், 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடி 14 வாரம் பில்போர்ட் முதலிடம். நடு இருக்கையில் கம்பீரமாக 'ஆல்வேஸ்'. ஆனால், என்னை நேசிப்பாயா என்று யாராவது கேட்டால் பதில் 'ஐ ஆல்வேஸ் வில்'! பின்னால் வினை இல்லாமல் மோடல் தனியாக நின்றால் வினையடை குதித்து முன்னால் போய்விடுகிறது. 'ஐ வில் ஆல்வேஸ்' என்று நிறுத்தினால் கேட்டவர் மீதிக்காகக் காத்திருப்பார்.

'ஷீ வில் ப்ராபப்ளி கம்' சரி. 'ஷீ வோன்ட் ப்ராபப்ளி கம்' தவறு, தெரியுமா? இல்லை என்று சொல்ல வரும்போது 'ப்ராபப்ளி வோன்ட்' என்று முன்னால் வர வேண்டும். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோனால் அது அநியாயம்.

அடுத்தது அபாரம்! 'மைட் பாஸிப்ளி' என்றால் ஒருவேளை நடக்கலாம், பலவீனமான பேச்சு. 'கான்ட் பாஸிப்ளி' என்றால் துளிகூட வாய்ப்பில்லை, கதவைச் சாத்துகிற பேச்சு. 'குட் யூ பாஸிப்ளி' என்று கேட்டாலோ வெறும் பணிவு. ஒரே 'பாஸிப்ளி'க்கு மூன்று முகம்!

'நெவர்' வாக்கியத்தின் தலைக்குப் போனால் மோடல் எழுவாயைத் தாண்டி முன்னால் ஓடி வரும், 'நெவர் வில் ஐ'. 'ஆல்வேஸ்' போனால் அசையாது. 'ஹார்ட்லி'க்கும் ஓடிவரும், ஏனென்றால் 'நாட்' இல்லாமலே அது எதிர்மறைச் சொல். பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர்களே, ஜாக்கிரதை! 'ஹீ கேன் வொர்க் ஹார்ட்' எழுதப்போய் 'ஹீ கேன் ஹார்ட்லி வொர்க்' என்று எழுதிவிட்டால் பையன் கதை முடிந்தது.

'ஹீ கேன்ஸ்' என்று ஏன் சொல்வதில்லை? கேன், மே, ஷல் மூன்றும் ஆதியில் இறந்தகால வடிவங்கள்! 'பாடினான்' என்பதற்கான 'சாங்' எப்படி 'எஸ்' ஏற்காதோ அப்படியே இவையும் ஏற்காது. 'குட்' என்பதன் நடுவில் ஊமையாக இருக்கும் 'எல்' ஒரு ஊடுருவல்காரன். ஷுட், வுட் இரண்டிலும் இருக்கிறதே என்று பார்த்து எழுதியவர்கள் இதிலும் சொருகிவிட்டார்கள்.

ஒரு வினைக்கு ஒரு மோடல்தான் என்பது பொது ஆங்கிலத்தின் சட்டம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கேட்டுப் பாருங்கள், 'மைட் குட்' என்று இரண்டை ஒன்றாகக் கட்டுவார்கள்! மற்றவர்கள் அந்த இரண்டாவது சந்தேகத்துக்கு 'பெர்ஹாப்ஸ்' போன்ற வினையடையைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும்.

சந்தேகத்துக்கே சதவீதம் போட்டவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா? ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு, 'வெரி லைக்லி' என்றால் குறைந்தது 90. அமெரிக்கர்கள் 'வில் லைக்லி' என்று கூசாமல் எழுதுவார்கள். பழைய பிரிட்டிஷ் பாணிக்கு அது ஆகாது, முன்னால் ஒரு 'வெரி' வேண்டும். அந்த மாதிரி அறிக்கை ஒன்று பழைய பாணிப் பிழைதிருத்துநர் கையில் சிக்கி, அவர் இலக்கண சுத்தத்துக்காக ஒரே ஒரு 'வெரி' சேர்த்தால் போதும், கடல்மட்டம் உயரும் வாய்ப்பு உட்கார்ந்த இடத்திலேயே 66இலிருந்து 90க்கு எகிறிவிடும்!