எந்த உப்பு என்று சொல்லும் ஆர்.என்.ஏ.

திருப்பூர் மண்ணரையில் போர்வெல் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த கேள்வி, "டிடிஎஸ் எவ்வளவு?" சாயக்கழிவைப் பார்த்துப் பழகிய ஊருக்கு அது இயல்புதான். ஆனால் டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும். அதில் சோடியம் எவ்வளவு, ஃபுளோரைடு இருக்கிறதா என்று சொல்லாது.

பாக்டீரியா அப்படியில்லை. அதன் சில ஆர்.என்.ஏ. இழைகளின் முன்பகுதி, ஒற்றை நூல் கண்ணி போட்டுப் பனியன் துணியாவதுபோல, தன்மேலேயே வளைந்து மடிகிறது. அந்த மடிப்பில் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் பின்னால் உள்ள மரபணு விழிக்கும், அல்லது அடங்கும். இந்த 'ரைபோசுவிட்ச்' 2002-ல் தெரியவந்தது. யேலில் ரொனால்டு பிரேக்கர் குழுவும் நியூயார்க்கில் எவ்கெனி நுட்லர் குழுவும் கண்டறிந்தன.

2012-ல் ஃபுளோரைடை உணரும் சுவிட்சை பிரேக்கர் குழு அறிவித்தது. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டம், ஃபுளோரைடும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ள வேண்டியவை எப்படிச் சேர்ந்தன? ஐமிங் ரென், ராஜசங்கர், தின்ஷா பட்டேல் மூவரும் அதே ஆண்டு படிக அமைப்பில் விடை கண்டார்கள்: மூன்று மக்னீசிய அயனிகள் நடுவில் நின்று ஃபுளோரைடைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தத் துறையில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரியாது.

இதை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் லக்ஸ் குழு கருவியாக்கியது. சுவிட்சுக்குப் பின்னால் மஞ்சள் நிறம் தரும் நொதியின் மரபணுவை இணைத்தார்கள். உயிருள்ள பாக்டீரியா வேண்டாம். அதன் சாற்றை உறையவைத்து உலர்த்திய தூள் போதும். சில சொட்டுத் தண்ணீர் விட்டால், ஃபுளோரைடு இருந்தால் மஞ்சளாகும். கோஸ்டா ரிகாவில் களத்திலேயே சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். அந்தச் சோதனை குறிவைத்தது லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு. நம் குடிநீர்த் தரம் 1, மாற்று வழியில்லாத இடத்தில் 1.5. பல்லும் எலும்பும் பாதிக்கப்படும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு இன்னும் கூர்மையான சுவிட்ச் வேண்டும்.

திருப்பூருக்கு வேண்டியது சோடியம். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு போடுகிறோம். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு போய்விடும். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நொய்யல் ஆறு கெட்டது. பொட்டாசியத்தை ஒதுக்கிச் சோடியத்தை மட்டும் ஏற்கும் ரைபோசுவிட்சுகளை ஹரிணி சதீஷ்குமார், சுதர்சன் ஆகியோரும் இருந்த பிரேக்கர் குழு 2022-ல் விவரித்தது. அதைக் கருவியாக்குவது லேசான வேலையல்ல. உப்பு மிகுந்தால் அந்தச் சாறே வேலை செய்யாமல் நின்றுவிடும்; தண்ணீரை அளந்து நீர்க்கச் செய்தாக வேண்டும்.

ஆனாலும் செய்ய வேண்டிய வேலை. களிமண்ணில் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்தால் மண் இறுகி, நீர் இறங்காது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தென்னை வைத்திருப்பவருக்கு மொத்த உப்பின் கணக்கு மட்டும் போதாது, சோடியத்தின் கணக்கும் வேண்டும்.